முப்பத்தோராம் கட்டைக்கு வந்து சேர்ந்த அறைகள்

2017ஆம் ஆண்டு மார்ச் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, ரிங்லெட்டில் விக்னேஸ்வரியின் வீட்டிலிருந்து சாமான் அறை கிளம்பி, ஒன்பது கிலோமீட்டர் மேலே, மலைச்சாலையின் முப்பத்தோராவது மைலான முப்பத்தோராம் கட்டையில் இருக்கும் தெளிவு இல்லத்தின் மேற்குக் கோடியில் போய் ஒட்டிக்கொண்டது. ஆறே முக்காலுக்கு அரிசி அள்ளப் போன அவர் கணவர் சசிதரன் கதவைத் திறந்தபோது, உள்ளே ஈரமான புல்தரையும் பக்கத்து வீட்டுக் கோழிகள் இரண்டும் இருந்தன. அரிசி மூட்டை, தையல் மெஷின், தீபாவளிக்கு முறுக்குப் போட்டு வைக்கும் டின்கள் எல்லாம் புல்லின்மேல் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. அறை சாமான்களைக் கொண்டுபோகவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் இதைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு விதமாகப் பேசினார்கள். சசிதரன் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், எதையும் சரிபார்த்துவிட்டுத்தான் நம்புவார். மோட்டார் சைக்கிளில் மேலே போய், புதிதாக முளைத்த அறையின் உள்சுவரில் பென்சிலால் கோடு கோடாகப் போட்டிருந்த மகள் துளசியின் உயரங்களைப் பார்த்தார். நாலு வயசு, அஞ்சு வயசு, ஏழு வயசு, எல்லாம் அவர் கையெழுத்துதான். காவல்காரர் யாசீன் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் பள்ளிக்குப் போனார், அன்று பதினொரு நிமிடம் தாமதம்.

தெளிவு இல்லம் என்பது அந்தத் தேயிலைத் தோட்டத்தின் பழைய துரை பங்களா. குடியை விட முடியாதவர்கள், தூளை விட முடியாதவர்கள், மனம் கலங்கிப்போனவர்கள் தங்கிக் குணமாகிற இடம். இருபத்து நான்கு கட்டிலுக்கு உரிமம். விக்னேஸ்வரி அந்த வருடம் ஜனவரியில்தான் அங்கே தலைமை இயக்குநராக வந்திருந்தார். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநல வார்டு மிஸ்ஸி, அதாவது நர்ஸ். அதே தோட்டத்தின் தொழிலாளர் குடியிருப்பான கீழ் லயத்தில், ஏழு பேர் ஒரே அறையில் படுத்து வளர்ந்தவர். அப்பா வேலையை விட்டு நின்ற மாதமே லயத்து வீட்டையும் காலி பண்ண வேண்டியிருந்தது, அதனால் ரிங்லெட்டில் சொந்தமாக வாங்கிய மூன்றறை வீட்டின் மேல் அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே பாசம். தலைமை இயக்குநருக்கு என்ன வேலை என்று கேட்டால் மூன்று கிளினிக், முப்பது ஊழியர், வாரியக் கூட்டம், ஆண்டறிக்கை என்று அடுக்கலாம். உண்மையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் செய்யவேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான், இடமில்லை என்று சொல்வது. அவருக்கு முன்னால் இருந்த மூன்று இயக்குநர்களும் அதை நன்றாகவே செய்தார்கள். விக்னேஸ்வரி முதல் வாரியக் கூட்டத்திலேயே, கேட்டுக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பத் தன்னால் முடியாது, அதற்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். வாரியம் அதைக் குறிப்பில் எழுதிக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போனது.

மார்ச் பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் இருபத்தைந்தாவது ஆள் வந்து நின்றாள். பூந்தோட்டத்தில் வேலை செய்கிற பெண், பிள்ளை பிறந்து நாற்பது நாளாகப் பேச்சே இல்லை. விக்னேஸ்வரி அவளைத் தன் அலுவலக சோபாவில் படுக்கவைத்தார். மறுநாள் காலை சாமான் அறை வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு இதுவே வழக்கமாகிவிட்டது. அவர் சரி என்று சொல்வார், விடிந்ததும் அவர் வீட்டில் ஓர் இடம் குறைந்து இல்லத்தில் ஓர் இடம் கூடியிருக்கும். கட்டில் விரித்திருக்கும், தண்ணீர் ஜாடி இருக்கும், ஜன்னலில் அவர் வீட்டுத் திரை தொங்கும். வந்தவர் குணமாகிப் போன பிறகும் அறை திரும்புவதில்லை, திரும்புவதற்குள் அடுத்தவர் கேட்டில் நிற்பார். 2018இல் விருந்தினர் அறை ஒரு லாரி டிரைவருக்குப் போனது. அடுத்த வருடம் பின்கட்டு. ஊரடங்கு வருடத்தில் கூடம் இரண்டாகப் பிரிந்து, கம்போங் ராஜாவிலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவருக்குப் போனது. அதற்கடுத்த வருடம் இயக்குநரும் அவர் கணவரும் படுக்கிற அறை. உரிமம் பார்க்க வந்த அதிகாரிகள் ஒவ்வொரு முறையும் கட்டில்களை எண்ணினார்கள். மூன்று தடவை எண்ணினாலும் இருபத்து நான்குதான் வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு போனார்கள்.

அறை போன இடத்தில் மண் நல்ல ஈரமாக இருந்ததால் சசிதரன் கடுகுக்கீரை போட்டார். நன்றாகவே வந்தது. உறவுக்காரர்கள் தீபாவளிக்கு வருவதை மெல்ல நிறுத்திக்கொண்டார்கள், உட்கார இடமில்லாத வீட்டுக்கு யார்தான் வருவார்கள். கணவனும் மனைவியும் சமையலறையில் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். இவ்வளவு ஆனபிறகும் விக்னேஸ்வரிக்கு இதில் ஒரு பெருமை இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஏழு வருடத்தில் நானூற்றுச் சொச்சம் பேர் நடந்து வெளியே போயிருந்தார்கள். பட்டணத்து மாநாடுகளில் அவரை மேடையேற்றி, குறைந்த வசதியில் இத்தனை பேரை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். எங்கள் குழுவின் உழைப்பு என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டில் மட்டும் யார் முகத்தையும் நேராகப் பார்ப்பதில்லை. 2023 டிசம்பரில், வீட்டில் மிச்சம் இருந்தது சமையலறையும் துளசியின் அறையும்தான். துளசிக்குப் பள்ளி இறுதியான ஐந்தாம் படிவப் பரீட்சை மார்ச் ஏழாம் தேதி முடிய இருந்தது. சசிதரன் ஒருநாளும் குறை சொல்லாதவர், அன்றைக்குச் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் உன்ன நிறுத்தச் சொல்லல. துளசி பரீட்ச எழுதி முடிக்கிற வரைக்கும் அவ ரூம விட்டு வை. அது போதும்."

விக்னேஸ்வரி சத்தியம் செய்யவில்லை, ஆனால் தலையை ஆட்டினார். அவர் வீட்டில் அதுவே சத்தியம் மாதிரிதான். ஜனவரி முழுக்க நல்லவேளையாக ஒருவர் போனால்தான் ஒருவர் வந்தார். பிப்ரவரி இருபத்திரண்டாம் தேதி, வியாழக்கிழமை மத்தியானம், எல்லாக் கட்டிலும் நிறைந்திருந்தபோது, லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்டத்தில் மருந்தடிக்கிற சாமிநாதன் வந்தார். நாற்பத்தெட்டு வயது. 2013 வெள்ளத்தில் வீட்டுக்குள் சேறு வந்ததிலிருந்து குடிக்கிறவர், சம்சு என்கிற மலிவுச் சாராயம், காலை ஆறு மணிக்கே ஆரம்பம். பெரும்பாலும் அண்ணனோ மாமனோ கையைப் பிடித்து இழுத்துத்தான் ஆளைக் கொண்டுவருவார்கள். இவர் தானாக வந்திருந்தார். தலையை வாரி, இஸ்திரி போட்ட சட்டையில், இரண்டு சாரமும் ஒரு பல்தூரிகையும் போட்ட பிளாஸ்டிக் பையோடு நின்றார். காலையில் குடித்துவிட்டுத்தான் வந்தேன், இல்லாவிட்டால் கை நடுங்கி மோட்டார் ஓட்ட முடியாது என்று கேட்காமலே ஒப்புக்கொண்டார். விக்னேஸ்வரிக்குப் பார்த்ததுமே தெரிந்தது. இவருக்கு இன்றைக்கே கட்டில் வேண்டும், ஒரு வாரம் மருந்து வேண்டும். தெரிந்தும், துளசியின் மேசைமேல் திறந்து கிடக்கும் கணக்குப் புத்தகம்தான் அவர் கண்ணில் நின்றது. ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். சாமிநாதன் அதை இரண்டு கையாலும் வாங்கி நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார், ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிற முகம் அது இல்லை. மேடம் பார்ப்பாங்கன்னுதான் வந்தேன் என்றார்.

"எட்டாந்தேதி வெள்ளிக்கிழம வாங்க. கட்டாயம் எடம் இருக்கும். அதுவரைக்கும் குடிக்காம இருங்க, என்ன?"

"சரிங்கம்மா. எட்டாந்தேதி வந்துடறேன் லா."

குடிக்காம இருங்க என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்கள் வாயில் போய்ட்டு வாங்க மாதிரி வந்துவிடுகிற வார்த்தை. வருடக்கணக்கில் காலையும் மாலையும் குடித்த உடம்பு ஒரே நாளில் தானாக நிறுத்தக்கூடாது, மருந்து கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும், இல்லையென்றால் வலிப்பு வந்து உயிரே போகும். புதிதாகச் சேருகிற ஒவ்வொரு மிஸ்ஸிக்கும் முதல் வாரத்தில் விக்னேஸ்வரியே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. இருபத்தொன்பது வருடத்தில் அவர் எத்தனையோ பேரிடம் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார், கேட்டு நிறுத்தியவர் ஒருவரும் இல்லை. சாமிநாதன் நிறுத்தினார். தோட்டத்தில் வளர்ந்தவர், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் சொன்னால் அது அவருக்கு உத்தரவு. அன்று சாயங்காலமே கைவசம் இருந்த இரண்டு போத்தலையும் முட்டைக்கோஸ் பாத்தியில் கவிழ்த்துவிட்டு, மேடம் சொல்லிட்டாங்க என்றாராம். இரண்டாம் நாள் நடுக்கம். மூன்றாம் நாள் தகரச் சுவரில் யார் யாரோ நிற்பதாகச் சொல்லி, அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கி நடந்தார். கூட வேலை செய்தவர்கள் காய்ச்சல் என்று நினைத்துப் போர்வை போர்த்திவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வலிப்பு வந்தது, நாலு மணிக்குள் முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை காய்கறி லாரிக்காரர் சொல்லி யாசீனுக்குத் தெரிந்தது, யாசீன் வந்து இயக்குநரிடம் சொன்னார். அவர் நின்றபடியே கேட்டார். மேசையில் இருந்த மூன்று விடுப்பு விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போட்டார். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். தானே கொன்றது போலத்தான் அவருக்கு இருந்தது, வேறு மாதிரி நினைக்க அவருக்குத் தெரிந்த மருத்துவத்தில் இடமே இல்லை. வீட்டுக்குப் போய்ச் சசிதரனிடம் சொன்னபோது, அந்த வீட்டில் ஒளிந்து பேச இடம் ஏது, தட்டில் சோறோடு உட்கார்ந்திருந்த துளசிக்கும் கேட்டது.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல மா," என்றாள். "நான் ஸ்கூல் லைப்ரரியில படிச்சிருப்பேன்."

தட்டிலிருந்த சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். மறுநாளிலிருந்து பள்ளி நூலகத்தில்தான் படித்தாள், தூக்கமும் சமையலறையில் அம்மா அப்பா நடுவில்தான். காப்பாற்றி வைத்த அறைக்குள் பரீட்சை முடிகிறவரை யாரும் போகவில்லை. சசிதரன் கீரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார், அது அழுகிவிட்டது.

மார்ச் எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு சாமிநாதன் வந்தார். அதே இஸ்திரி போட்ட சட்டை, அதே பிளாஸ்டிக் பை. மோட்டாரை அவர் தங்கை மகன் எடுத்துக்கொண்டுபோய்விட்டதால் நடந்தே வந்திருந்தார். அவரை எரித்தபோது யாசீனும் ஒரு ஓரமாக நின்றவர்தான், அதனால் சற்றுநேரம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வருகைப் புத்தகத்தில் பேரும் நேரமும் எழுதி, காரணம் என்ற இடத்தில் சேர்க்கை என்று போட்டார். இயக்குநருக்குப் போன் செய்து, சாமிநாதன் வந்திருக்கிறார் என்றார். எந்த சாமிநாதன் என்று கேட்ட குரலுக்கு, எட்டாம் தேதி வரச் சொன்னீர்களே அவர்தான் என்று பதில் சொன்னார். விக்னேஸ்வரி படியிறங்கிக் கேட்டுக்கு வந்தார். சாமிநாதனின் கை நடுங்கவில்லை, கண் தெளிந்திருந்தது, கன்னத்தில் மட்டும் கொஞ்சம் சாம்பல் ஒட்டியிருந்தது.

"பதினஞ்சு நாளாச்சும்மா. ஒரு சொட்டு தொடல."

அவரிடம் நடந்ததைச் சொல்ல அங்கே ஒருவருக்கும் மனம் வரவில்லை. விக்னேஸ்வரி வாங்க என்றார், பையைத் தானே வாங்கிக்கொண்டார். சேர்க்கைப் படிவம் நிரப்பி முடிப்பதற்குள் துளசியின் அறை வந்துவிட்டது, பட்டப்பகலில் அறை வந்தது அந்த ஒருமுறைதான். சுவரில் பரீட்சை அட்டவணை ஒட்டியபடியே இருந்தது. வாரா வாரம் ஈப்போவிலிருந்து வருகிற டாக்டர், சாமிநாதனின் மணிக்கட்டை இரண்டு நிமிடம் பிடித்துப் பார்த்து, நாடித்துடிப்பு இல்லை என்று அட்டையில் எழுதி, வைட்டமின் மாத்திரை கொடுத்தார். வாரியக் கூட்டத்தில் பேச்சு எழுந்தபோது, உரிமத்தில் இதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று தலைவர் சொன்னார், அதோடு முடிந்தது.

ஏப்ரலில் சசிதரன் ஈப்போவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு துளசியை அழைத்துப் போனார். சண்டை எதுவும் இல்லை, அவள் மேற்படிப்புக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். துளசி போன் செய்கிறாள், சாப்பிட்டீங்களாமா என்று கேட்கிறாள். அவர்கள் போன மறுவாரம் சமையலறையும் கிளம்பி இல்லத்தின் பின்பக்கம் வந்து சேர்ந்தது. அதற்கு யாரும் கேட்டில் நிற்கவில்லை, அதனால் அதில் இயக்குநரே குடியிருக்கிறார். வீட்டில் கொடுக்க இனி ஒன்றும் இல்லாததால், மற்ற இயக்குநர்களைப் போல அவரும் இப்போது இடமில்லை என்று சொல்லக் கற்றுக்கொண்டார். ஆனால் சொல்லிவிட்டு, திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், வழக்கம்போலக் குடித்துக்கொண்டிருங்கள் என்று அழுத்தமாகச் சொல்லி, இல்லத்து வேனிலேயே ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுகிறார். கேட்கிறவர்களின் சொந்தக்காரர்கள் திகைத்துப்போகிறார்கள்.

சாமிநாதன் நல்ல ஆள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். வாசல் கூட்டுகிறார், குழுப்பேச்சில் உட்காருகிறார், பயந்துபோய் வருகிற புது ஆட்களுக்கு மேடம் சொன்னா சொன்னதுதான் என்று தைரியம் சொல்கிறார். மாதம் ஒருமுறை, முதல் திங்கட்கிழமை, தலையை வாரிக்கொண்டு இயக்குநர் அறை வாசலில் வந்து நிற்பார். எப்பம்மா வீட்டுக்குப் போலாம் என்று கேட்பார். இத்தனை நாள் சுத்தமாக இருந்த ஒருவரை நிறுத்தி வைக்க எந்த விதியும் இல்லை, அனுப்பி வைக்க எந்த வீடும் இல்லை. விக்னேஸ்வரி ஒவ்வொரு முறையும் பேனாவை எடுத்து, அவர் கோப்பைத் திறந்து, மூடிவிட்டு, இன்னும் கொஞ்ச நாள் இருங்க என்பார். சாமிநாதன் சரிங்கம்மா என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போவார்.