கைப்பிடி இல்லாத குழாய்

அக்காவுக்கு நான்காவது பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. உதடு வெடித்து, கண் உள்ளே போய், இரண்டே நாளில் பத்து வயது கூடியிருந்தாள். இரவு ஷிஃப்ட் முடிந்து நான் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தேன்.

"வெளியில எங்கயாவது தண்ணி குடிச்சீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லங்க. வீட்டுத் தண்ணிதான்."

"வீட்டுல நாங்களும் அதைத்தானே குடிக்கிறோம்" என்றார் அவள் புருஷன். "எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே."

டாக்டர் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அங்கே கிடந்தவளை எனக்குத் தெரியும். அவளும் அக்காவோடு தோட்ட வேலை செய்கிறவள்.

ஒரு பெரிய அலுவலக வளாகம். அதன் தோட்டத்தில் பதினோரு பெண்கள். பகலில் பாய்ச்சினால் பாதித் தண்ணீரை வெயில் குடித்துவிடும் என்பதால் புல்லுக்கு இரவில்தான் தண்ணீர்; அந்த வேலை என்னுடையது. இன்ஜினியரிங்கை இரண்டாம் வருஷத்தில் விட்டவன். அந்தப் பெண்களுக்கு நான் 'அரை இன்ஜினியர்'.

செருப்பில் மண் என்று அவர்களைக் கட்டடத்துக்குள் பாட்டில் நிரப்ப விடமாட்டார்கள். அதனால் அரளிச் செடிகளுக்குப் பின்னால், புல்லுக்குப் போகும் பைப்பிலிருந்து ஒரு குழாய் வைத்துக் கொடுத்தேன். அப்போது அதில் ஓடியது குடிநீர். வரைபடத்தில் அந்தக் குழாய் கிடையாது.

போன மாதம் நிர்வாகம் குடிநீரை மிச்சப்படுத்தக் கிளம்பியது. இனிமேல் புல்லுக்குச் சுத்திகரித்த கழிவுநீர். தினம் நாற்பதாயிரம் லிட்டர் மிச்சம். சுவரெல்லாம் சொட்டுத் தண்ணீர் படம். மேனேஜர் வரைபடத்தை விரித்து, "இதுல இல்லாத கனெக்‌ஷன் ஏதாவது இருக்கா?" என்றார். இல்லை என்றேன். ஒத்துக்கொண்டால் என் வேலை போகும். அதில் குடித்தவர்கள் வேலையும் போகும்.

லைனை மாற்றிய அன்று, ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் குழாயின் கைப்பிடியை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். தோண்டி அடைக்க அரை மணி நேரம் ஆகும், எனக்குப் பஸ் போய்விடும். அக்காவுக்கு ஃபோன் செய்திருக்கலாம். செய்யவில்லை. திருப்ப முடியாத குழாயை யார் திறக்கப்போகிறார்கள்?

மாமா மருந்து வாங்கப் போனதும் குனிந்து கேட்டேன். "அக்கா, அரளிக்குப் பின்னாடி இருக்கிற குழாயில குடிச்சியா?"

"சத்தம் போடாத."

"கைப்பிடியே இல்லையேக்கா."

"குறடு எதுக்குடா இருக்கு?" சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "தண்ணிய மிச்சம் புடிக்கத்தான் கழட்டிட்டாங்கன்னு நெனச்சோம். அதான் நாங்களும் பாத்துப் பாத்துப் புடிச்சோம். ஆளுக்கு ஒரு பாட்டில். ஒரு சொட்டு கீழ விடல, தெரியுமா?"

"கழட்டினது நான்தான். அது சாக்கடைத் தண்ணிக்கா."

"நாத்தமே இல்லையேடா."

"சுத்தம் பண்ணினதுதான். புல்லுக்குப் போதும். குடிக்க ஆகாது."

அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பிடியில் பலமே இல்லை. "டாக்டர்கிட்ட சொல்லித் தொலைக்காத. நாலு நாள்ல எழுந்துடுவேன். அத்தனை பேர் அடுப்பும் அணைஞ்சுடும்டா. அவளுங்களுக்கு மட்டும் ஃபோன்ல சொல்லிட்டு, வீட்டுக்குப் போய்த் தூங்கு."

கட்டிலுக்குக் கீழே தொங்கிய சிறுநீர்ப் பையைப் பார்த்தேன். நேற்றிலிருந்து இரண்டு விரல்கடைகூட ஏறவில்லை.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் பேனாவை மூடினார். "எத்தனை நாளா?"

"ஒன்பது."

"நேத்து சேர்க்கும்போதே சொல்லியிருந்தா..." முடிக்காமல் நர்ஸைக் கூப்பிட்டார். மருந்து மாறியது. கிட்னி பாதித்திருக்கலாம், வேறு வார்டுக்கு மாற்ற வேண்டும் என்றார். "இதை நான் மேல தெரிவிச்சாகணும்."

"தெரிவிங்க."

அக்காவுக்குக் கேட்டிருக்க வேண்டும். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வராந்தாவுக்கு வந்து, தோட்டத்துப் பெண்களில் மூத்தவளுக்கு ஃபோன் போட்டேன். தெருக்கோடி வரை கேட்கிற தொண்டை என்பதால் அவளை எல்லோரும் 'ஸ்பீக்கர்' என்பார்கள்.

"என்ன அரை இன்ஜினியர், தூக்கம் வரலையா? உங்க அக்கா எப்ப வர்றா? அவ புல்லையும் சேத்து நான்தான் புடுங்குறேன்."

"அந்தக் குழாயில யாரும் குடிக்காதீங்க. புடிச்சு வெச்சதைக் கொட்டிடுங்க."

"ஏன், நாங்க குடிக்கிறதையும் அளக்குறானா உங்க மேனேஜர்?"

சொன்னேன். முழுவதையும் சொன்னேன். அவளுக்குப் பின்னால் புல்வெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

"காலையில எல்லாரும் குடிச்சாச்சேப்பா" என்றாள். அவளுக்கு அவ்வளவு சின்னக் குரல் இருப்பதே எனக்குத் தெரியாது.

"எல்லாரையும் கூட்டிக்கிட்டு இங்க வாங்க. இப்பவே."

"வேலைய அப்படியே போட்டுட்டா? சீட்டைக் கிழிச்சுடுவாங்களே."

"கிழிச்சாச்சுன்னு வெச்சுக்குங்க."

ஃபோனை வாயிலிருந்து விலக்காமலே யாரையோ பார்த்துக் கத்தினாள். என் காது அடைத்துப் போனது.

"ஏய், அந்தப் பாட்டிலைக் கீழ போடுடி!"