கல்லுக் வானத்தில் நின்ற வசந்தம்

வேட்டைக்காரன் கல்லுக் கடலில் மூழ்கி இறந்து எத்தனை குளிர்காலம் கழித்து விண்ணில் ஏவப்பட்டான் என்பதில் என் நினைவு பிசகியிருக்கலாம். மூன்று என்று நான் சொன்னால் சிக்குலிக் ஊரில் பாதிப் பேர் நான்கு என்பார்கள். ஏவப்பட்டான் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. கனடாவின் வட விளிம்பில் பனி மெலிந்து, யாருடையவை என்று தெரியாத கப்பல்கள் நீரிணையில் நடமாடத் தொடங்கிய காலம் அது. தலைநகர் ஒட்டாவாவில் இருந்தவர்கள் விண்வெளியில் பணத்தைக் கொட்டி, மேகத்தையும் இருட்டையும் ஊடுருவிப் பார்க்கும் செயற்கைக்கோள் ஒன்றைச் செய்தார்கள். வடக்கு மக்களின் மனம் குளிரட்டும் என்று அதற்குப் பெயர் வைக்கும் உரிமையை சிக்குலிக் ஊருக்குக் கொடுத்தார்கள். கல்லுக்கின் மனைவி அவியா தன் கணவனின் பெயரைக் கொடுத்தாள்.

அந்த ஊரில் செத்தவரின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தால் பெயரோடு ஆளும் வந்துவிடுவார். தொட்டில் குழந்தையை ‘அப்பா’ என்று கூப்பிட்டுக் கொஞ்சுகிறவர்கள் அங்கே உண்டு. கல்லுக் போன பிறகு ஊரில் குழந்தையே பிறக்கவில்லை. அவன் பெயர் தங்க இடமில்லாமல் குளிரில் கிடக்கிறதே என்பதுதான் அவியாவின் கவலை. ஏவுகிற நாளில் ஒலிவாங்கியை அவள் முன் நீட்டி, வாழ்த்தாக ஏதாவது சொல்லச் சொன்னார்கள். கடைசியாக அவன் வேட்டைக்குக் கிளம்பிய காலையில் சொன்னதையே சொன்னாள். “போகாத. இங்கயே இரு.” அன்று அவன் கேட்கவில்லை. இம்முறை கேட்டான்.

பூமியை ஒரு சுற்றுச் சுற்றிய செயற்கைக்கோள் சிக்குலிக்கின் மேல் வந்ததும் நின்றுவிட்டது. பிறகு சிறிது சிறிதாக இறங்கி, அவியா வீட்டுக் கூரைக்கு மேலே, ஊரின் எரிபொருள் தொட்டியின் உயரத்தில் நிலைகொண்டது. நாய்கள் இரண்டு நாள் குரைத்து ஓய்ந்தன. வெயில் பிடிக்கும் அதன் தகடுகளில் பனிக்கௌதாரிகள் உட்காரப் பழகின. அவியா வாசற்படியில் அமர்ந்து கடல்நாயான சீலின் தோலைத் தைப்பாள்; அவன் மேலே இருப்பான். இருவரும் பேசுவதில்லை. அவன் உயிரோடிருந்தபோதும் அவர்கள் அதிகம் பேசியதில்லை. ஒட்டாவாவிலோ, வந்த படங்களிலெல்லாம் ஒரே புகைபோக்கியும் ஒரே துணிக்கொடியும்தான். அந்தக் கொடியில் தொங்கியவற்றுக்கு என்ன பொருள் என்று பாதுகாப்பு நிபுணர்கள் ஒரு மாதம் ஆராய்ந்தார்கள்.

அதற்குள் கப்பலொன்று யார் கண்ணிலும் படாமல் நீரிணைக்குள் புகுந்து பனியைப் பிளந்துவிட்டுப் போனது. கல்லுக்கின் தம்பியும் ஊர்க்காவல் படையின் தலைவனுமான நூட்டாக், உடைந்த பனித்தட்டில் பனிவண்டியோடு மிதந்து, பட்டினியாகக் கரை சேர்ந்தான். ஒட்டாவாவிலிருந்து செயற்கைக்கோளைக் கவனித்துவந்த கோலெட் என்ற பொறியாளர் குட்டி விமானத்தில் வந்து இறங்கினாள். கோடைக்குள் அது நகராவிட்டால் கீழே விழச் செய்து எரித்துவிடும்படி மேலிடத்து உத்தரவு என்றாள்.

“நீங்க ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்,” என்று நூட்டாக்கிடம் கேட்டாள்.

“நானா? அண்ணனையா? உசுரோட இருந்தப்பவே என் பேச்சைக் கேட்டதில்ல. அதோட, பேரு வாங்கிட்டு வந்த ஆள இங்க யாரும் அதட்ட மாட்டோம்.”

“அப்போ யார் சொன்னா கேட்பாரு?” ‘அது’ என்று சொல்வதை அவள் விட்டுவிட்டதை அவளே கவனிக்கவில்லை.

“அண்ணி சொன்னா கேக்கும். அண்ணிதான் சொல்ல மாட்டாங்க.”

அவியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பல நாள் ஊசியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். வைத்துக்கொண்டால் எரித்துவிடுவார்கள். அனுப்பினால், போனவன் வருவான் என்பதற்கு என்ன உறுதி? ஒருமுறை வரவில்லையே. பனி உருகி ஓடைகள் சத்தமிடத் தொடங்கிய ஒரு காலையில் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள்.

“இந்தாய்யா, இதென்ன இருப்பு? ஊரைக் காக்கப் போன ஆளு வீட்டுக் கூரையக் காத்துக்கிட்டு கெடக்க. என் உள்பாவாடைய ஒட்டாவாவே பாத்தாச்சு. ஒன் தம்பி கடல்ல மிதந்துட்டு வந்தான், அதப் பாக்கல நீ. கெளம்பு.”

அவன் அசையவில்லை.

“கோவத்துல சொல்லல,” என்றாள் அவியா, குரலைத் தாழ்த்தி. “போயிட்டு வா.”

கௌதாரிகள் எழுந்து பறந்தன. செயற்கைக்கோள் ஓசையில்லாமல் உயர்ந்து மறைந்தது. அவியா உள்ளே போகவில்லை. கோலெட் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள், அது ஆறிப்போனது. உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கழித்து, தெற்கே மலைமுகட்டுக்கு மேல் ஒரு புள்ளி மின்னியது.

அதன் பிறகு எந்தக் கப்பலும் ஒளிந்து வரவில்லை. பனி எங்கே வெடிக்கிறது, சீல்கள் எங்கே மூச்சுவிட வருகின்றன என்பதையும் கல்லுக் சொல்லி அனுப்பினான். பின்னதை யாரும் அவனிடம் கேட்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் சிக்குலிக்கின் மேல் அவன் சற்றுத் தாமதிப்பதை நிபுணர்கள் தங்கள் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்கள். கோலெட் ஓய்வுபெற்று, ஒட்டாவாவுக்குப் பக்கத்து ஊரான கட்டினோவில் தக்காளி வளர்க்கிறாள். நூட்டாக் முதுமையில் தூக்கத்திலேயே இறந்தான். அவன் பெயரை அடுத்த செயற்கைக்கோளுக்கு வைத்தார்கள், அது தேவைக்கு அதிகமாகவே பேசுகிறது. அவியா நலமாக இருக்கிறாள். கல்லுக்கின் எரிபொருள் தீர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது, இந்நேரம் விழுந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஒட்டாவாவில். அவன் விழவில்லை. அவன் விழுவான் என்று சிக்குலிக்கில் யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.