அயோடின் காட்டாத புளிப்பு

மாங்காயின் உள்ளே எந்த மூலையில் என்ன இருக்கிறது என்று சூடாமணியைக் கேட்டால் படம் போட்டுக் காட்டிவிடுவாள். மனுஷர்கள் விஷயத்தில்தான் அவளுக்குச் சாமர்த்தியம் போதாது.

அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. காயைக் குறுக்கே அறுப்பாள். அறுத்த முகத்தை மெல்லிய வெள்ளைத் தாளில் ஒரு கணம் அழுத்தி எடுப்பாள். தாளில் அயோடின் விட்டால், மாவுச்சத்து இருக்கிற இடமெல்லாம் கருநீலமாகத் தெரியும். காய் பழுக்கப் பழுக்க மாவு சர்க்கரையாகும். கொட்டையை ஒட்டி முதலில் நீலம் வெளுக்கும், அப்புறம் மெல்ல மெல்லத் தோல்வரைக்கும். பிஞ்சிலிருந்து கனிவரை இப்படி ஒரு வரிசை எடுக்கவேண்டும், அதுவும் ஒரே மரத்துக் காயாக இருக்கவேண்டும்.

அப்படி ஒரு மரம் அவள் குடியிருந்த மயிலாப்பூர் வீட்டுக் கொல்லையிலேயே நின்றது. தொண்ணூற்று மூன்றில் அந்த வீட்டை வாங்கியவர் சண்முகவேல். திருநெல்வேலிக்காரர், தி.நகரில் ஜவுளிக்கடை. கீழே அவர் குடும்பம், மாடி போர்ஷனில் சூடாமணி. அம்மா போனபிறகு அவளிடம் வேலையைத் தவிர வேறு பேச்சுப் பேசுகிற ஒரே ஜீவன் சண்முகவேலின் மனைவி புஷ்பம்தான். ஞாயிற்றுக்கிழமை கீழிருந்து வரும் அந்த "அக்கா" என்ற குரலுக்காக, காலையிலேயே நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நாற்பத்தைந்து வயதில் இது கொஞ்சம் அசட்டுத்தனம் என்று அவளுக்கே தெரியும்.

வீடு வாங்கிய அடுத்த கோடையில் புஷ்பம் ஒரு கூடை காய் கொண்டுவந்து வைத்தாள். "தொக்கு போடுங்கக்கா. நம்ம மரத்துக் காய்."

அத்தனையும் ஆய்வுக்கூடத்துக்குப் போயிற்று. ஆசையாகக் கொடுத்ததை அறுத்துச் சாயம் போட்டுக் குப்பையில் கொட்டுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? சோதனைக்கு வந்த பழத்தை நாக்கில் வைப்பது அங்கே பெரிய குற்றம். வேலைக்குச் சேர்ந்த நாளாக அவள் ஒரு துண்டு தின்றதில்லை.

ஒரு ஞாயிறு புஷ்பம் கேட்டாள். "காயெல்லாம் என்னக்கா செஞ்சீங்க?"

"பழுக்கவெச்சுச் சாப்பிட்டேன் புஷ்பம். கல்கண்டுதான் போ! அப்படி ஒரு தித்திப்பு."

தைரியமாகத்தான் சொன்னாள். முந்தின நாள் எடுத்த படத்தில் நீலம் பொட்டுக்கூட இல்லை. மாவெல்லாம் சர்க்கரையான பழம் தித்திக்காமல் என்ன செய்யும்? அயோடின் மாவைத்தான் காட்டும், புளிப்பைக் காட்டாது என்று மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவளே அவள்தான். அந்த நேரம் பார்த்து அது மறந்து தொலைந்தது.

புஷ்பத்தின் முகம் சுண்டிப்போயிற்று. "இந்த மரத்துப் பழமா? கனிஞ்சு விழுந்தாக்கூட வாயில வைக்க முடியாதே. புளிப்புன்னா அப்படி ஒரு புளிப்பு. அதனாலதான தொக்குக்குக் கொடுத்தேன்." அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "தூரப் போட்டுட்டீங்களா?"

கேட்டுவிட்டு விறுவிறுவென்று படியிறங்கிவிட்டாள். மறுநாள் குழாயடியில், "நீங்க பிடிச்சுக்கோங்க மேடம்" என்று குடத்தை நகர்த்திக்கொண்டாள். இத்தனை நாள் அக்காவாக இருந்தவள் ஒரே ராத்திரியில் மேடமாகிவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழிருந்து கூப்பிடுகிற குரல் இல்லை.

ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு பழம் மிச்சம் இருந்தது. முற்றக் கனிந்த அதன் படத்தோடுதான் வரிசை முடியும். இல்லாவிட்டால் அடுத்த கோடைவரை காத்திருக்கவேண்டும். சூடாமணி அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். அடுப்படியில் நின்றபடியே கடித்தாள். பல் கூசிற்று, கண்ணில் நீர் வந்தது. விடாமல் கொட்டைவரைக்கும் தின்று முடித்து, கீழே போய்க் கதவைத் தட்டினாள்.

"முழுப் பழம் சாப்பிட்டேன் புஷ்பம். நீ சொன்னது வாஸ்தவம், தாங்கமுடியாத புளிப்பு. மத்ததையெல்லாம் ஆராய்ச்சிக்கு அறுத்துட்டேன். உங்கிட்ட சொல்ல வாய் வரல. பொய் சொல்லிட்டேன்."

புஷ்பம் அவளுடைய பழச்சாறு அப்பிய விரல்களைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. சூடாமணிக்கு உயிர் வந்தது.

"ஐயோ, இதுக்குப் போயி உடம்பைக் கெடுத்துக்கலாமா? படிச்சவங்க, உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். நாந்தான் தெரியாம வந்து வந்து தொந்தரவு கொடுத்துட்டேன். இனிமே வரமாட்டேன் மேடம்."

மனசாரத்தான் சொன்னாள். வெந்நீர் குடிக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். இதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று சூடாமணிக்கு இருந்தது.