பூசை போட்ட வேன்

டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. நான்கு டயருக்கு நான்கு பழம். பூசாரி பழனியாண்டி கற்பூரத் தட்டோடு வேனைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். சுற்றி முடித்ததும் வேன் ஓரடி முன்னால் நகரும், பழங்கள் நசுங்கும், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். பழம் நசுங்கிய வண்டியைத் திருப்பிக் கொடுத்தவன் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இதுவரை ஒருத்தன்கூட இல்லை.

பிரியந்தி கோயில் ஏற்றத்தில் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"நிப்பாட்டுங்க! எஞ்சினை நிப்பாட்டுங்க!"

மணி அடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. டிரைவர் சீட்டில் புது வேட்டியோடு உட்கார்ந்திருந்த அவள் அண்ணன் நிரஞ்சன் ஜன்னல் வழியே தலையை நீட்டினான். முகத்தில் இருந்த சிரிப்பு பாதியில் அறுந்தது.

"என்ன பிரியந்தி, சாமி முன்னுக்கு இப்படியா கத்துறது?"

"நான் வண்டியைப் பாத்துட்டுத்தான் முடிவுன்னு புதன்கெழம சொன்னீங்களா இல்லையா? பொறவு எப்படிண்ணே பூசை வரைக்கும் வந்தீங்க?"

சொன்னான்தான். ஹட்டனில் மஃறூப் முதலாளியின் வாகன உதிரிப்பாகக் கடையில் ஏழு வருடமாகக் கவுண்டரில் நிற்பவள் அவள். எந்த வண்டிக்கு எந்த வயதில் எது போகும் என்பது அவளுக்கு அத்துப்படி. கடையின் டெலிவரி வேனை ஓட்டுபவளும் அவளே. அப்படிப்பட்டவளை வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல வேலைக்குப் போகவிட்டு, பின்னால் பூசையை வைத்துவிட்டான். பக்கத்து லயத்து வரிசைவீட்டுப் பெண் ஒருத்தி போன் போட்டு, "உங்க வேனுக்குப் பூசை நடக்குது, நீ வரலியா?" என்று கேட்டிராவிட்டால் அவள் இந்நேரம் யாருக்கோ பிஸ்டன் ரிங் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்திருப்பாள்.

வேன் பள்ளிக்கூட ஓட்டத்துக்கு. தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கு லயங்களின் பதினான்கு பிள்ளைகள் திங்கட்கிழமை முதல் இதில்தான் டவுனுக்கு இறங்கப் போகிறார்கள். முன் சீட் பிரியந்தியின் ஆறு வயது மகள் திலக்ஷிக்கு என்று மாமன்காரன் முந்தாநாளே பேசி முடித்துவிட்டான். பாதையின் ஒரு பக்கம் தேயிலைச் சரிவு. மறுபக்கம் பள்ளம். நடுவில் ஒரு பஸ் வந்தால் மற்ற வண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒதுங்க வேண்டும்.

"அட, நம்ம பிரியந்தி!"

வேனின் முன்னால் வெள்ளைச் சட்டையில் நின்ற அழகுமுத்து கையை விரித்துக்கொண்டு வந்தான். இதே தோட்டத்தில் பிறந்து, நுவரெலியாவுக்குப் போய் வாகனத் தரகனானவன்.

"நல்ல நேரம் பத்தரை வரைக்கும்தான் தங்கச்சி. பூசை முடியட்டும், பொறவு ஆற அமரப் பாரு."

"பூசை முடிஞ்ச பொறவு பாத்து என்ன செய்யிறது? அதுக்குத்தானே மொதல்ல பூசையை வச்சீங்க?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அழகுமுத்துவுக்குச் சுருக்கென்றது.

"பாருங்கய்யா! கவுண்டர்ல நட்டும் போல்ட்டும் எண்ணிக் குடுக்குற புள்ள மெக்கானிக் பாஸ் ஆயிட்டா! ஆம்பளைங்க நாலு பேரு பாத்து எடுத்த வண்டி இது."

"நாலு பேரும் எங்க பாத்தாங்க? கண்ணாடில மொகம் பாத்தாங்களா?"

அவள் வேனைச் சுற்றி நடந்தாள். சந்தனமும் குங்குமமும் தாராளமாக இருந்தன. வண்டிக்கு நெற்றியில் பொட்டு வைப்பார்கள், மிஞ்சினால் கதவில் வைப்பார்கள். இந்த வேனுக்கு இடுப்பிலும் பொட்டு. இழுக்கும் கதவுக்குக் கீழே ஒரு அப்பு, பின் சக்கர வளைவில் ஒரு அப்பு, அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு.

"இந்தச் சந்தனம் யாரு வச்சது? நீங்களா பூசாரி?"

"நான் முன்னுக்கு மட்டுந்தாம்மா வச்சேன். மத்தது வரும்போதே இருந்துச்சு."

பிரியந்தி சால்வையின் முனையை எடுத்தாள். பழனியாண்டிக்குத் தட்டு ஆடியது.

"ஏய் ஏய்! சந்தனத்தைத் துடைக்காதம்மா, சாமி கோவிச்சுக்கும்!"

"சாமி கோவிச்சா கையெடுத்துக் கும்புட்டுக்குவேன். பதினாலு பிள்ளைங்க பள்ளத்துல போனா யாரைக் கும்புடுறது?"

துடைத்தாள். கூட்டம் 'ச்சூ' கொட்டியது. கைப்பையிலிருந்து வட்டக் காந்தம் ஒன்றை எடுத்து முன்கதவில் வைத்தாள். டக்கென்று ஒட்டியது. அதையே சந்தனம் இருந்த இடத்தில் வைத்தாள். காந்தம் தொப்பென்று மண்ணில் விழுந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது.

"பாத்துக்கங்க. இது தகரம் இல்ல, ஓட்டை அடைக்கிற பட்டி. உள்ளுக்குத் துரு தின்ன ஓட்டை. அதுக்கு மேல பட்டி, பட்டிக்கு மேல பெயிண்ட், பெயிண்டுக்கு மேல சந்தனம். யாரும் தொட மாட்டாங்கன்னு தெரிஞ்சே வச்ச சந்தனம்!"

"பழைய வண்டின்னா துரு இருக்காதா? எனக்கே நாப்பது வயசுல முடி கொட்டிருச்சு," என்றான் அழகுமுத்து.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பிரியந்தி பக்கவாட்டுக் கதவை இழுத்தாள். சாம்பிராணி வாடை மூக்கில் அடித்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை, நனைந்த சாக்கு மூட்டை வாடை. முன் சீட்டின் பெல்ட்டைப் பிடித்து முழுவதும் வெளியே வருகிற மட்டும் இழுத்தாள். முதல் இரண்டு முழம் கறுப்பு. கடைசி முழத்தில் காய்ந்த சேற்றின் பழுப்புக் கோடு.

"பெல்ட்டைக் கழுவினவன் உள்ளுக்குச் சுருண்டு கெடந்ததைக் கழுவ மறந்துட்டான். இது வெள்ளத்துல கெடந்த வண்டி. வண்டிப் புத்தகம் எங்க?"

"போட்டோ கொப்பி இருக்கு. ஒரிஜினல் பின்னாடி வரும். கையெழுத்துப் போட்ட பேப்பர் ரெடியா இருக்கு."

"யாரு கையெழுத்து?"

"ஓனரு."

"ஓனரு எங்க இருக்காரு?"

அழகுமுத்து கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நிரஞ்சன் வேனிலிருந்து குதித்து இறங்கினான். காது மடல்கள் சிவந்திருந்தன.

"போதும் பிரியந்தி! தோட்டமே பாக்குது. அட்வான்ஸ் குடுத்தாச்சு, வாக்கும் குடுத்தாச்சு."

"வாக்கை அவருக்குக் குடுத்தீங்க. பிள்ளைங்களை யாருக்குக் குடுக்கப் போறீங்க?"

அண்ணனிடம் அவள் இதுவரை இப்படிப் பேசியதில்லை. ஆனாலும் விடவில்லை. குரலை மட்டும் தாழ்த்தினாள்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நோர்வூட்ல உங்களை ஏத்திட்டு இவருதானே ஓட்டிட்டு வந்தாரு? எறக்கத்துல, வளைவு வாறப்பெல்லாம், பிரேக்கை ரெண்டு மூணு தரம் மிதிச்சாரா?"

நிரஞ்சன் யோசித்தான். முகம் மெதுவாக மாறியது.

"ஆமா. டக்கு டக்குன்னு மிதிச்சாரு. அவரு பழக்கம்னு நெனச்சேன்."

"ஏறி உக்காருங்க. எஞ்சினைப் போடுங்க. ஒரே ஒரு தரம் மிதிச்சு, காலை எடுக்காம அப்படியே வச்சிருங்க."

மிதித்தான். பெடல் நின்றது. பிறகு அவன் அழுத்தாமலே, மெல்ல மெல்ல, அவன் பாதத்தையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கியது. கடைசியில் தரையில் போய் உட்கார்ந்தது. நிரஞ்சனுக்குக் குப்பென்று வியர்த்தது. பனிக்காற்று அடிக்கிற மலையில் வியர்த்தது.

"ஒண்ணு மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கணும். இல்லாட்டி பைப்பு துருப்பிடிச்சு எங்கயோ கசியுது," என்றாள் பிரியந்தி. "ஏத்தத்துல தெரியாது. அதனாலதான் டவுன் கோயிலை விட்டுட்டு, டவுன்ல இருந்து ஒரே ஏத்தமா இங்க கொண்டாந்து பூசை வச்சிருக்காரு."

நிரஞ்சன் இறங்கினான். யாரையும் பார்க்கவில்லை. குனிந்து, நான்கு டயர்களுக்கு அடியிலிருந்தும் பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பூசாரியின் தட்டில் போட்டான்.

"எனக்கு இந்த வண்டி வேணாம்."

அழகுமுத்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

"வேணாட்டிப் போ. அட்வான்ஸ் திரும்பி வராது. வண்டிக்கு ஆளா இல்ல? பூண்டுலோயாப் பார்ட்டி வந்துகிட்டே இருக்கான்."

"வா, போவம்," என்று நிரஞ்சன் தங்கையின் கையைப் பிடித்தான். அவனுக்கு ஆபத்து கழிந்துவிட்டது.

பிரியந்தி அசையவில்லை. கழிந்தது யாருக்கு? பூண்டுலோயாவில் இறக்கம் இல்லையா? அங்கே பிள்ளைகள் இல்லையா?

அந்த நேரம் பார்த்து ஒரு ஆட்டோ புகைந்துகொண்டு ஏறி வந்தது. இறங்கியவர் அந்தப் பூண்டுலோயாப் பார்ட்டி, ஐம்பது வயது மதிக்கத்தக்க மாயாண்டி. கையில் சாமந்தி மாலை. வாய் நிறையச் சிரிப்பு.

"இதானா வண்டி, முத்து? நல்லாத்தான் இருக்கு. எங்க தோட்டத்துல புள்ளைத்தாச்சியளை ஆஸ்பத்திரிக்கு ஏத்த ஒரு வண்டி இல்லாம ரொம்பக் கஷ்டப்படுறோம்."

"வாங்காதீங்கண்ணே. பிரேக் இல்ல," என்றாள் பிரியந்தி.

அழகுமுத்து குனிந்து மாயாண்டியின் காதில் ஏதோ சொன்னான். மாயாண்டி அவளைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

"இந்த வெளாட்டெல்லாம் நானும் பாத்திருக்கேன் தங்கச்சி. கொறை சொல்லி மத்தவனை வெரட்டுறது, பொறவு நீங்களே மலிவா அமுக்குறது. நான் நேத்துப் பொறந்தவனா?"

அவளுக்கு நெஞ்சில் தீ பிடித்தது. காந்தத்தைக் காட்டினாள், பெல்ட்டைக் காட்டினாள். "பழைய வண்டி அப்படித்தான்" என்றார். பெடலை மிதிக்கச் சொன்னாள். "எங்க தோட்டத்து லொரியும் இப்படித்தான் மிதிபடும்" என்றார். அழகுமுத்து ஓரமாக நின்று பல்லைக் குத்திக்கொண்டிருந்தான்.

பிரியந்தி சட்டென்று டிரைவர் சீட்டில் ஏறினாள். கதவை அடித்துச் சாத்தினாள்.

"அழகுமுத்து அண்ணே, வந்து பக்கத்துல ஏறுங்க."

"எதுக்கு?"

"கீழ ஃபெக்டரி வரைக்கும் போய் வருவம். நாலே நாலு வளைவு. நான் ஓட்டுறேன். ஒவ்வொரு வளைவுலயும் ஒரே ஒரு தரந்தான் மிதிப்பேன். வண்டி நின்னுச்சுன்னா நாங்களே வாங்கிக்கிறோம், சொன்ன வெலைக்கே."

"பிரியந்தி! எறங்கு!" நிரஞ்சன் கதவைப் பிடித்து இழுத்தான். அவள் உள்ளிருந்து பூட்டிக்கொண்டாள். உண்மையில் ஓட்டத்தான் போகிறாளா என்பது அவளுக்கே தெரியாது.

"ஏறுங்கண்ணே. உங்க வண்டிதானே? நல்ல வண்டிதானே?"

"எனக்கு… முழங்கால் வலி."

"ஓட்டுறது நான். உங்க முழங்கால் சும்மாதானே இருக்கும்."

"பூசை போட்ட வண்டியை மொதல்ல பொம்பள எடுக்கக் கூடாது."

"அப்ப நீங்களே ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காருறேன்."

அவள் அடுத்த சீட்டுக்கு நகர்ந்து, டிரைவர் பக்கக் கதவைத் திறந்துவிட்டாள். அழகுமுத்து கதவைப் பார்த்தான், இறக்கத்தைப் பார்த்தான். அவனுடைய கால் ஒரு அடி பின்னால் போனது. அது போனதை அவன் கவனிக்கவில்லை. மாயாண்டி கவனித்தார்.

"ஏறு முத்து," என்றார் மாயாண்டி.

"அது வந்து அண்ணே, மழை இருட்டுது…"

"ஏறுடாங்குறேன்! எங்க புள்ளைத்தாச்சியளை ஏத்தலாம், நீ ஏற மாட்டியோ?"

அழகுமுத்துவுக்கு நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. மாயாண்டி சாமந்தி மாலையை ஆட்டோவுக்குள் விட்டெறிந்தார். எறிந்த வேகத்தில் பாதிப் பூ உதிர்ந்தது. பிரியந்தியைப் பார்த்துக் கையைக் கூப்பினார்.

அவள் சாவியை உருவிக்கொண்டு இறங்கினாள்.

"சாவியைத் தா!" அழகுமுத்து பாய்ந்து வந்தான். "வண்டி என்னோடது, நான் கொண்டுபோறேன்."

"எப்படிக் கொண்டுபோவீங்க? கீழ ரோட்டுல இப்ப பாலர் பள்ளிக்கூடம் விடப் போகுது. பிள்ளைங்க வரிசையா நடந்து வரும்."

"போலீசுக்குப் போவேன்டி!"

"போவம், வாங்க. புத்தகத்தையும் ஓனரையும் கூட்டிட்டு வாங்க. அவங்களும் கேப்பாங்கல்ல, இது யாரு வண்டின்னு?"

"குடுத்துரு பிரியந்தி, போய்த் தொலையட்டும்," என்றான் நிரஞ்சன், களைத்த குரலில்.

"போய்த் தொலையட்டுமா? எங்க போய்த் தொலையும்ணே? நாளைக்கு இன்னொரு கோயில்ல நிக்கும்." அவள் முஷ்டியை இறுக்கினாள். சாவியின் பல் உள்ளங்கையில் குத்தியது. "இந்த வண்டி இங்கேருந்து உருண்டு போகக் கூடாது. லொரியில ஏறிப் போகணும். நல்ல கராஜுக்குப் போகணும். அது வரைக்கும் சாவி என்கிட்டத்தான்."

நிரஞ்சன் தங்கையைப் பார்த்தான். பிறகு போய், வேனுக்கும் இறக்கத்துக்கும் நடுவில், கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மாயாண்டி அவனுக்குப் பக்கத்தில் போய் நின்றார். பூசாரி தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பெரிய கல்லை உருட்டிக்கொண்டு வந்து முன் டயர்களுக்கு முட்டுக் கொடுத்தார். அழகுமுத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஒரு மணி நேரத்துக்கு முன் அவனோடு சிரித்த முகங்கள்.

வேறு வழியில்லாமல் போனை எடுத்தான். வண்டி ஏற்றும் லொரிக்காரனோடு சிங்களத்தில் பேச்சு. தாழ்ந்த குரலில், கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினான். எதிர்முனைக்காரன் விடவில்லைபோலும். ஓடுகிற வண்டிதானே, ஓட்டிக்கொண்டு வந்தால் என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்க வேண்டும்.

"பிரேக் நே மல்லி," என்றான் அழகுமுத்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு. அதாவது, பிரேக் இல்லை தம்பி. "பிரேக் நே."

பிரியந்தி இரண்டடி முன்னால் வந்தாள்.

"சத்தமாச் சொல்லுங்கண்ணே. பின்னுக்கு நிக்கிறவங்களுக்குக் கேக்கல."