அவரை சூப்பில் வெந்த தாடை

கதை எழுதிப் பழகாத கை இது. ஒரு பல் மருத்துவப் பயிற்சி வகுப்பைக் கதையாக்கத் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டுகிறேன். எழுதாமல் இருக்கவும் முயன்று பார்த்தேன். சிரிப்புத்தான் அடங்க மறுத்துவிட்டது.

ஷொப்ரோன் நகரில் ஒரு பிப்ரவரியில் இரண்டு நாள் பயிற்சி நடைபெற்றது. தாடை எலும்பில் இம்ப்ளான்ட் எனும் டைட்டானியத் திருகைப் பதித்து, அதன்மேல் புதுப் பல் கட்டுவதற்கான பயிற்சி. வந்திருந்த பன்னிரண்டு பல் மருத்துவர்களில் ஹெட்விக்கும் ஒருவர். பதினாறு ஆண்டுகளாகத் தம் கிராமத்தில் பல் பிடுங்கியும் அடைத்தும் நற்பெயர் எடுத்தவர்தாம். ஆனால் இம்ப்ளான்ட் என்று யாரேனும் பேச்செடுத்தால் போதும், பணிவாக ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்து நகரத்துக்கு அனுப்பிவிடுவார்.

திராட்சைத் தோட்டக்காரர் வெண்டல் மட்டும் அக்கடிதத்தை மூன்று முறை திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"போட்டா நீங்க போடுங்க டாக்டரம்மா. இல்லேன்னா இந்த ஓட்டையோடயே போய்ச் சேர்றேன். மூணு வருஷமா ஒரு பக்கமா மென்னு மென்னு என் மூஞ்சியே கோணிப் போச்சு, பாருங்க!"

மனிதரின் கோணிய முகத்தைக் கண்டபின் ஹெட்விக்கால் உறங்க முடியவில்லை. பயிற்சிக்குப் பெயர் கொடுத்தார். வெண்டலையும் உடன் அழைத்து வந்தார்.

பயிற்சியாளர் டாக்டர் தீஹமேர் விதியை வெட்டு ஒன்று துண்டு இரண்டாக அறிவித்தார். வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு பன்றித் தாடை. அதை ஸ்கேன் எடுத்து, எங்கே எந்தச் சாய்வில் எவ்வளவு ஆழம் என்று கணினியில் திட்டமிட்டு, துளைக்கும் இடத்தைக் காட்டும் தகட்டை அச்சிட்டு, மூன்று இம்ப்ளான்ட்டுகள் பதிக்க வேண்டும். சனிக்கிழமை மதிய உணவுக்குப் பின் எக்ஸ்ரே. மூன்றும் திட்டப்படி நின்றால், மூன்று மணிக்கு அவரவர் நோயாளியின் வாயில் கைவைக்கலாம். இல்லையேல் ஓரமாய் நின்று வேடிக்கை பார்க்கலாம்.

"தாடை இல்லன்னா நோயாளி இல்ல. அழுதாலும் இல்ல," என்றார் தீஹமேர்.

வெள்ளிக்கிழமை மாலை அனைவரும் முடித்துக் கை கழுவிய பின்னும் ஹெட்விக் தம் பன்றியின் ஈறைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா ஹெட்விக், அதுகிட்ட அனுமதி கேட்டுக்கிட்டு இருக்கீங்களா?" என்றார் பக்கத்து மேசை ஷோம்போர். "அது செத்து மூணு நாளாச்சு. கோவிச்சுக்காது."

"மன்னிக்கணும், இதோ ஆச்சு," என்றார் ஹெட்விக். ஷோம்போரிடமா பன்றியிடமா என்பது விளங்கவில்லை.

வகுப்பறைக் குளிர்பெட்டியில் பதினொரு தாடைகள் அடைத்துக் கிடந்தன, பன்னிரண்டாவதற்கு இடமில்லை. ஆகவே ஹெட்விக் தம் தாடையை வெள்ளித்தாளில் அழகாகச் சுற்றி, சமையலறைக் குளிர்பெட்டியில் வைத்தார். பிறர் இடத்தைப் பயன்படுத்துகிறோமே என்று கூசி, மேலே ஒரு சீட்டும் ஒட்டினார்: 'மிக்க நன்றியுடன், டாக்டர் ஹெட்விக்.'

அங்கேதான் வினை பிறந்தது.

அது பன்றி வெட்டும் பருவம். அப்பருவத்தில் ஒரு வீட்டில் பன்றி விழுந்தால் அக்கம்பக்கத்துக்கெல்லாம் ருசி பார்க்கக் கறிப் பொட்டலம் போகும். கொடுத்தவர் பெயரும் அதன்மேல் இருக்கும். சனிக்கிழமை காலை குளிர்பெட்டியைத் திறந்த சமையற்காரி இல்கா அந்தப் பொட்டலத்தைக் கண்டு உள்ளம் குளிர்ந்துபோனாள். எத்தனை வகுப்புகளுக்குச் சமைத்துக் கொட்டியிருக்கிறாள்! எந்த டாக்டர் இதுவரை நன்றி சொன்னார்? தாளைப் பிரித்து, தாடையை அப்படியே அவரை விதை சூப்பில் இறக்கி இரண்டரை மணி நேரம் வேகவிட்டாள்.

உணவு வேளையில் முதல் தட்டு தீஹமேருக்குச் சென்றது, அடுத்தடுத்து மற்றவர்களுக்கும்.

"இல்கா, இன்னைக்கு என்ன இப்படி மணக்குது!" என்று இரண்டு கரண்டி விழுங்கினார். மூன்றாவது கரண்டியில் 'டக்' என்றொரு ஓசை. தீஹமேர் கன்னத்தைப் பிடித்தபடி உள்ளங்கையில் இரண்டு பொருள்களைத் துப்பினார். ஒன்று, அவருடைய கடைவாய்ப் பல்லின் பாதி. மற்றது, எள்ளைவிடச் சற்றே பெரிய பளபளக்கும் திருகு: இம்ப்ளான்ட்டின் வாயை அடைக்கும் மூடி.

"இது... யாரோடது?" என்றார் அவர், காற்றுப் புகும் குரலில்.

"ஹெட்விக் டாக்டரம்மா குடுத்த கறிங்க," என்றாள் இல்கா பெருமையுடன். "அருமையான தாடை. நூல் போட்டு வேற தைச்சிருந்துச்சு. உங்க ஊர்ல கறிய இப்படித்தான் கட்டுவாங்களோ அம்மா?"

ஷோம்போர் மேசைக்கடியில் போய்விட்டார். அங்கிருந்து விம்மல் போன்ற ஓசை வந்தது, அது சிரிப்பு. அடுத்த நொடி அறை முழுவதும் தொற்றிக்கொண்டது. ஒரு மருத்துவர் ரொட்டியில் முகம் புதைத்தார், மற்றொருவருக்குப் புரை ஏறியது. வெண்டல் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்போ என் பல்லு?" என்றார்.

அந்தக் கேள்வி ஹெட்விக்கின் நெஞ்சில் தைத்தது. தாடை இல்லையென்றால் நோயாளி இல்லை. இந்தக் கிழவர் மீண்டும் ஒரு பக்கமாக மென்றுகொண்டே வீடு திரும்புவார். எழுந்தார். எழுந்தபோது வழக்கம்போல மன்னிப்புச் சொல் நாவின் நுனிக்கு வந்தது, அதை விழுங்கிவிட்டார். சமையலறைக்குள் நுழைந்தார், நீண்ட இடுக்கியைப் பானைக்குள் விட்டார், அவரை விதைகள் சொட்டச் சொட்டத் தாடையைத் தூக்கினார். கறி முழுவதும் கழன்று, எலும்பு வெள்ளை வெளேரென்று வந்தது. அதில் மூன்று திருகுகள் சிப்பாய்களைப் போல் நின்றன. அப்படியே ஏந்திக்கொண்டு மேசைக்குத் திரும்பினார்.

"சார், தாடை இருக்கு," என்றார். "எக்ஸ்ரே எடுங்க."

"வெந்த தாடைக்கா?"

"வேகக் கூடாதுன்னு விதியில எங்க சொன்னீங்க?"

மேசைக்கடியிலிருந்து கைதட்டல் கேட்டது.

தீஹமேர் கன்னத்தில் பனிக்கட்டியை அழுத்திக்கொண்டே படத்தை நோக்கினார். பிறகு அச்சிட்ட தகட்டை வெந்த பற்களின்மேல் பொருத்தினார், கச்சிதமாக உட்கார்ந்தது. அதன் துளைகளில் அளவுக் கம்பியைச் செருகினார். மூன்றிலும் நேராக இறங்கியது. முறுக்குச் சாவியால் திருகிப் பார்த்தார். ஒன்றுகூட அசையவில்லை.

"ரெண்டரை மணி நேரம் கொதிச்சும் நிக்குது," என்றார் மெல்ல. "என் வகுப்புல யாரோடதையும் இப்படிச் சோதிச்சதில்ல. ஆனா அம்மா, மூடிய ஏன் இவ்வளவு லேசா முடுக்கினீங்க? அதுக்கு வலிக்கும்னா?"

"ஆமா சார்," என்று உண்மையைச் சொன்னார் ஹெட்விக்.

"என் பல்லுக்கு வலிக்குது."

தீஹமேர் பேனாவை எடுத்து அனுமதித் தாளில் கையெழுத்திட்டார். பனிக்கட்டியின் ஈரத்தில் மை பரவியது. ஆயினும் கையெழுத்து கையெழுத்தே.

மூன்று மணிக்கு வெண்டல் நாற்காலியில் சாய்ந்தார். மரத்துப்போன உதடுகளால் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்: "டாக்டரம்மா, என்னை வேகவைக்க மாட்டீங்கல்ல?" ஹெட்விக் சிரித்தார், சிரித்து முடித்ததும் துளைக்கருவியை எடுத்தார். துளைத்தார், பதித்தார், மூடியை அழுத்தமாக முடுக்கினார். பின்னால் நின்ற தீஹமேர் வீங்கிய கன்னத்தோடு தலையை ஆட்டினார்.

அன்று இழந்தவை: பன்றித் தாடை ஒன்று. இனிப் பயன்படாத இம்ப்ளான்ட்டுகள் மூன்று. டாக்டர் தீஹமேரின் கீழ் இடக் கடைவாய்ப் பல்லில் பாதி. உண்மை அறிந்த இல்கா விடாப்பிடியாகக் கொட்டச் சொன்ன அரைப் பானை சூப். மூடித் திருகுகள் மூன்றில் ஒன்று. மற்ற இரண்டும் கிடைத்தன. அந்த ஒன்றை விழுங்கியவர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை.