முப்பத்தொரு பேர்

விடிவதற்கு முன்பே மணல் லாரி வந்துவிட்டது. ஈர மணல் மூட்டை காய்ந்ததைவிட எவ்வளவு அதிகம் கனக்கும் என்பது முதுகுக்குத் தெரியும், ஆர்டர் போடுகிற பேனாவுக்குத் தெரியாது. இருநூறு மூட்டை, தூக்க ஆறு பேர். ஜெனரேட்டர்காரர், பம்புக்காரர், இரண்டு காவலர்கள், கூட்டிப் பெருக்கும் பெண்கள் இருவர். ஆறு பேருமே ஒப்பந்தக்காரரின் ஆட்கள். வங்கி வாசலில் இடுப்பு உயரத்துக்கு மூட்டைகளை அடுக்கி முடித்தபோது நன்றாக வெளுத்துவிட்டது. சாக்கு உரசிக் கழுத்தெல்லாம் எரிந்தது.

மூத்த காவலர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டார். பட்டாளத்துப் பக்கமே எட்டிப் பார்க்காத மனிதர். மீசையைப் பார்த்து யாரோ வைத்த பேர் கேப்டன்.

"வெள்ளம் வர்றதுக்கு முன்னாடி இந்த வெள்ளத் தடுப்பே நம்மள முடிச்சிரும் போல" என்றார். சிரிக்க ஒருவருக்கும் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை புயல் கரை ஏறும் என்று வானிலை அறிவிப்பு சொல்லியிருந்தது. இன்று புதன். பத்து மணிக்கு வெள்ள ஒத்திகை. அதைப் பார்க்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். மேலாளர் மேசையில் நீல அட்டை போட்ட கனத்த கோப்பு ஒன்று உண்டு. பேரிடர் வந்தாலும் வங்கி ஒரு மணி நேரம்கூட நிற்காமல் இயங்குவது எப்படி என்று அதில் எழுதியிருக்கிறது. ஊழியர்கள் முப்பத்தொரு பேரும் படகிலோ வண்டியிலோ மேட்டுத்தெருக் கிளைக்குப் போய்விட வேண்டும். அங்கே வேலை தொடங்கும்வரை இங்கே கணினிகள் அணையக்கூடாது. அதற்கு அடித்தளத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஜெனரேட்டருக்குக் கோப்பில் ஓர் எண் உண்டு. நோட்டு எண்ணும் இயந்திரத்துக்கும் உண்டு, வாசல் கேமராவுக்கும் உண்டு. ஜெனரேட்டரை ஓட்டுகிற ஆள்தான் அந்தக் கோப்பில் எங்குமே இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தச் சுரைக்காய் உதவத்தான் செய்தது, முப்பத்தொரு பேருக்கு மட்டும்.

போன வருட வெள்ளத்தன்று கீழே இருக்க வேண்டியவர் ஜெனரேட்டர்காரர்தான். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று மகள் அழுதுகொண்டே போன் செய்ததால், தங்கை புருஷனை மாற்று ஆளாக இறக்கிவிட்டு ஓடினார். போன் வரும்வரை அணைக்காதே என்று அந்த மாற்று ஆளுக்கு உத்தரவு. போன் வரவே இல்லை. தண்ணீர்தான் படியிறங்கி வந்தது. இரும்புக் கதவை அது வெளியிலிருந்து அழுத்திக்கொள்ள, உள்ளே இருந்தவரால் திறக்க முடியவில்லை. டீசல் பீப்பாய்மேல் ஏறி நாலு மணி நேரம் நின்றார். உயிர் மிஞ்சியது. டீசல் தண்ணீரைக் குடித்த நெஞ்சு மட்டும் தேறவே இல்லை. வங்கிக்குச் சிறந்த திட்டமிடலுக்கான கேடயம் கிடைத்தது.

நேற்று மாலை ஜெனரேட்டர்காரர் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டாள்.

"நீயும் கீழேதான் இறங்கப் போறியாண்ணே?"

மாப்பிள்ளை இருமலை அடக்கிக்கொண்டு, ஒரு வருடமாகச் சொல்லாததைச் சொன்னார்.

"காத்துப் போற ஜன்னல் வழியா எல்லாம் கேட்டுச்சு மச்சான். மைக்ல சொன்னாங்க, முப்பத்தொரு பேரும் பத்திரம்னு. அப்புறம் படகு கிளம்புச்சு. நான் கத்துறேன், படகு சத்தம் தூரமாப் போகுது."

மணல் மூட்டைகள்மேல் உட்கார்ந்து இதை மற்ற ஐவரிடமும் சொன்னார் ஜெனரேட்டர்காரர். வேலை போனால் அடுத்த வேளைக்கு என்ன வழி என்ற கவலை ஒவ்வொருவர் முகத்திலும் இருந்தது. அவருக்கு மட்டும் இல்லையா என்ன? மகளுக்குப் படிப்பு பாதியில் நிற்கிறது. ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் இன்னொரு தடவை ஒரு ஆளை விட முடியாது, அது தானே ஆனாலும். பெருக்கும் பெண்களில் மூத்தவள்தான் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்றாள். என்ன செய்வது என்று அங்கேயே பேசி முடித்தார்கள்.

பத்து மணிக்குச் சங்கு ஊதியது. ஊழியர்கள் எதிர்ப்புற வண்டி நிறுத்தத்துக்கு வந்து வரிசையாக நின்றார்கள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். தலை எண்ணும் பொறுப்பு காசாளர் அம்மாவுடையது. ஒரு முறை எண்ணினார், நெற்றியைச் சுருக்கினார், மறுபடி எண்ணினார். பட்டியலில் முப்பத்தொரு பேர். வரிசையில் முப்பத்தேழு. கடைசியில் மணல் ஒட்டிய சட்டைகளோடு ஆறு பேர் நின்றார்கள்.

மேலாளர் வேகமாக வந்தார். "ஜெனரேட்டர் ஏன் இன்னும் ஓடல? இங்க என்ன பண்றீங்க?"

"எங்களையும் எண்ணச் சொல்லத்தான் வந்தோம் சார்."

"நீங்க பேங்க் ஸ்டாஃப் இல்லையே. உங்களுக்கு ஏஜென்சிதான் பொறுப்பு."

"தண்ணி அதையெல்லாம் கேட்டுட்டா சார் உள்ள வரும்?" ஜெனரேட்டர்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இறங்க மாட்டோம்னு சொல்லல. வெள்ளிக்கிழமையும் நானே இறங்குறேன். அந்தக் கதவக் கழட்டிப் போடுங்க. ஜெனரேட்டர மாடிக்கு ஏத்துறதுக்குத் தேதி சொல்லுங்க. படகுல எங்க ஆறு பேருக்கும் இடம் இருக்குன்னு இந்தப் பட்டியல்ல எழுதுங்க. எழுதின பிறகு இறங்குறேன்."

ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் போனும் கையுமாக ஓடி வந்தார். இப்போதே கீழே போகாவிட்டால் வெள்ளிக்கிழமை வேறு ஆறு பேர் வருவார்கள் என்றார்.

"வரட்டும் தம்பி" என்றார் கேப்டன். "அவங்களையும் இதே வரிசைக்குத்தான் கூப்பிடுவோம்."

மேலாளர் காசாளர் பக்கம் திரும்பினார். "நேரம் போகுது, முப்பத்தொண்ணுன்னு போட்டுக் கையெழுத்துப் போடுங்கம்மா."

காசாளர் அம்மா பேனாவைத் திறந்தார், எழுதவில்லை. போன வருடமும் எழுதியது அதே கைதான்.

"போன தடவ தெரியாம எழுதிட்டேன் சார். இந்தத் தடவ கண்ணால பார்த்துட்டு எழுத முடியாது."

அச்சடித்த கட்டங்கள் முடிந்த இடத்துக்குக் கீழே கையாலேயே ஆறு கோடு போட்டார். "பேரைச் சொல்லுங்கண்ணே" என்றார். பதினோரு வருடமாக அந்தக் கட்டடத்தில் ஜெனரேட்டர்காரரை எல்லாரும் டீசல் என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பேர் இரண்டாம் முறைதான் தெளிவாக வந்தது.

ஆறு பேரும் சொல்லி முடித்தார்கள். கையால் எழுதினால் செல்லாது, மேலே கேட்க வேண்டும் என்று அதிகாரி போனோடு ஒதுங்கினார். ஒத்திகை தோல்வி என்று போகும், இதற்கெல்லாம் விளக்கம் எழுத வேண்டியிருக்கும் என்று மேலாளர் எச்சரித்தார். சூப்பர்வைசர் தள்ளி நின்று யாரிடமோ ஆள் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் கலைந்து வேலைக்குப் போகலாம் என்றார் மேலாளர்.

கடன் பிரிவுக்காரர் ஒரு அடி எடுத்து வைத்தார். பக்கத்தில் நின்ற பெருக்கும் பெண்ணைப் பார்த்தார். எடுத்த அடியைத் திரும்ப வைத்துக்கொண்டார். "அம்மா எழுதி முடிக்கட்டும் சார்" என்றார்.

காசாளர் அம்மா பட்டியல் அட்டையில் செருகியிருந்த போன வருடத் தாளை உருவி மேலே வைத்தார். கீழே அவருடைய கையெழுத்து. முப்பத்தொன்று என்ற எண்ணிக்கைக்குப் பக்கத்தில் பேனாவை வைத்துக்கொண்டு தலை நிமிர்ந்தார்.

"அன்னைக்குக் கீழே இருந்தவர் பேர் என்னண்ணே?"

ஜெனரேட்டர்காரர் தன் தங்கை புருஷனின் பேரைச் சொன்னார். காசாளர் அம்மா எழுதி முடிக்கும்வரை வரிசையில் ஒருவரும் நகரவில்லை.