இரண்டு வேளைத் தண்ணீர்

யார் வீட்டுச் சுவரில் ஈரம் கசிந்தாலும் குழாய்க்காரரைத்தான் கூப்பிடுவார்கள். மனிதர் உள்ளங்கையைச் சுவரில் வைப்பார், இரண்டு தட்டு தட்டுவார், "இங்க உடைங்க" என்பார். முப்பது வருஷத்தில் அந்தக் கை தப்பியதில்லை. அப்பேர்ப்பட்டவர் சொந்த வீட்டில் கோட்டை விட்டார் என்றால் யார் நம்புவார்கள்?

கீழ்வீட்டு அக்கா நம்பினாள். அவளுடைய துணிக்கொடியின் மேல்தானே சொட்டியது!

"ஊர்ல ஒழுகறதையெல்லாம் அடைக்கிறே, உன் பால்கனி என் தலையில ஒழுகுதே தம்பி! அந்தச் செடித் தொட்டியாலதான். ஞாயித்துக்கிழமைக்குள்ள எடுத்துடு. இல்லேன்னா வீட்டு ஓனர்கிட்ட போய் நிப்பேன்."

அவருக்குக் கோபம் வரவில்லை. எட்டு மாதமாக எதுவுமே வருவதில்லை. சாப்பாடு கூட மணி பார்த்துத்தான். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன மகள், பத்தொன்பது வயதுப் பெண், திரும்பவில்லை. உறவு எல்லாம் வந்து அழுதுவிட்டுப் போனது. பெற்றவர்கள் இரண்டு பேரும் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். 'பாப்பா' என்ற சொல் அதோடு அந்த வீட்டில் நின்றது. கேஸ் தீர்ந்துவிட்டது, கதவைத் தாழ் போடு, இவ்வளவுதான் பேச்சு.

தொட்டியில் இருந்தது மகள் விதை போட்டு வளர்த்த எலுமிச்சை. முளைத்த அன்று வீடே இரண்டுபடக் கத்தினாள். இப்போது இடுப்பு உயரம். தினமும் விடியலில், மனைவி எழுவதற்கு முன், பால்கனிக் கதவைச் சத்தமில்லாமல் திறந்து ஒரு குவளை தண்ணீர் ஊற்றுவார். அவள் பார்த்தால் தாங்கமாட்டாளே என்று பயம். ஒரு மாதமாக இலைகள் மஞ்சளடித்து உதிர்ந்தன. தண்ணீர் பத்தவில்லை போல என்று இரண்டு குவளையாக்கினார். இன்னும் உதிர்ந்தன. மகள் கைபட்டு உயிரோடு இருப்பது அது ஒன்றுதான். இதுவும் போகப்போகிறது என்று நினைத்துப் பார்த்தார். அப்போதும் கண்ணில் ஒன்றும் வரவில்லை.

தொட்டி மேல் பழிபோட அவருக்கு மனசில்லை. குழாய்தான் என்று சாதித்தார். பால்கனி ஓரத்தில் தரையை உடைத்தே பார்த்துவிட்டார். குழாய் நன்றாகக் காய்ந்து கிடந்தது.

"அக்கா, எப்பெப்ப சொட்டுது?"

"காலையில ஆறரைக்கு ஒரு தடவை. அப்புறம் பதினொன்றரைக்கு. அதுதான் கொட்டு கொட்டுன்னு கொட்டுது."

ஆறரை சரி, அது அவர் கைங்கரியம். பதினொன்றரை யாருடையது?

மறுநாள் வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் பதினொன்றரைக்குச் சரியாக வீட்டுக்கு வந்தார். பால்கனிக் கதவு திறந்திருந்தது. சலவைக்கடை இஸ்திரி வேலைக்குக் கிளம்பி நின்ற மனைவி, தொட்டியில் ஒரு ஜக்கைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். "அப்பலேர்ந்தே."

"நானும்தான்."

"நீங்களா? நீங்க இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கறதில்லைன்னு நெனச்சேன். பாத்தா தாங்க மாட்டீங்கன்னுதான் நீங்க போனப்புறம்..." ஜக்கைக் கீழே வைத்தாள். "இலை கொட்டுதேன்னு நான் ரெண்டு ஜக்கு ஊத்தறேனே!"

அடப் பாவிகளா! ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல், பாசத்தை ஊற்றி ஊற்றியே அதை மூழ்கடித்துக்கொண்டிருந்தார்கள்.

தொட்டியைச் சாய்த்ததும் சாக்கடை நாற்றம் அடித்தது. அடியில் ஓட்டை அடைத்துப்போய், ஊற்றியதெல்லாம் விளிம்பு வழியாக வழிந்திருக்கிறது. அடைப்பெடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு இது தெரியவில்லை! கொழகொழவென்று கறுத்த வேர்களை அவர் பிடித்துக்கொள்ள, அவள் கத்தரித்தாள். நடுவில் நாலைந்து வெள்ளை வேர்கள் மிஞ்சின.

"கொஞ்சம் உயிர் இருக்கு," என்றார். ஓட்டையைக் குத்திவிட்டு, மணல் கலந்த புது மண் போட்டு நட்டார்கள். "பத்து நாளைக்கு ஒரு சொட்டு ஊத்தக் கூடாது." அன்று அவள் வேலைக்குப் போகவில்லை.

அடுத்த நாள் விடியலில், பழக்கதோஷம், குவளையை நிரப்பிக்கொண்டு போனார். அவள் ஏற்கெனவே அங்கே நின்றாள். கையில் ஜக்கு. இரண்டு பேருக்கும் செய்ய ஒன்றுமில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள். செடியில் மூன்றே மூன்று இலை.

"பொழைக்குமா?"

"தெரியல."

கீழேயிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "இன்னிக்கு சொட்டலையே தம்பி!"

"குழாய் சரியாயிடுச்சுக்கா," என்றாள் மனைவி. பிறகு தாழ்ந்த குரலில், "பாப்பா பாத்திருந்தா நம்ம ரெண்டு பேரையும் கிழி கிழின்னு கிழிச்சிருப்பா," என்றாள்.

"வேர் அழுகற வரைக்கும் என்னப்பா பாத்துட்டிருந்தேன்னு..." என்று ஆரம்பித்தார். தோள் குலுங்கியது. எட்டு மாதமாக வராதது வந்தது.

அவள் அவர் கையிலிருந்த குவளையை வாங்கி அவர் வாயருகே பிடித்தாள். அவர் பாதி குடித்தார். மீதியை அவள் குடித்தாள்.